பாக்கெட் தடவி

எங்கள் கல்லூரியில் பரீட்சை ஹாலுக்குள் செல்போன் கூடாது. அதனால் பையன்கள் கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் போனை ஒப்படைத்துவிட்டு வருவார்கள். போனுக்குப் பத்து ரூபாய். கடைக்கார அண்ணன் பழைய காலண்டர் அட்டையைக் கத்தரித்து நம்பர் போட்டு வைத்திருக்கிறார். ஒரு துண்டு ரப்பர் பேண்டில் போனோடு, இன்னொன்று பையன் கையில். பன் வருகிற பிளாஸ்டிக் ட்ரேயில் அறுபது எழுபது போன்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும்.

பாக்கெட் தடவியை அங்கேதான் முதலில் பார்த்தேன். போனைக் கொடுத்தான், நாலடி நடந்தான், திரும்பி வந்தான்.

"அண்ணே, கவுத்து வைங்கண்ணே. ஸ்கிரீன்ல கீறல் விழும்."

"கவுத்தாதான்டா விழும்."

"அப்ப மல்லாக்கவே இருக்கட்டும். பால் கொதிக்கிற பக்கம் மட்டும் வேணாம்."

எல்.கே.ஜி.யில் பிள்ளையை விட வந்த தாய்கூட இத்தனை சொல்லியிருக்க மாட்டாள்.

அன்று அவன் என் ஹாலில்தான். பத்து மணிக்கு வினாத்தாள் கைக்கு வந்ததும் அவனுடைய வலது கை தன்பாட்டில் தொடைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. திடுக்கிட்டு இடது பாக்கெட், அப்புறம் சட்டைப் பை. ஞாபகம் வந்து அசடு வழிந்தான். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி வலது தொடை. என் பாட்டி பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் இடுப்புச் சுருக்குப்பையைத் தொட்டுப் பார்ப்பாள். ஆனால் பாட்டிக்கு அங்கே பை இருந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் பதினெட்டுத் தடவை தடவினான். (எண்ணாமல் நான் வேறென்ன செய்வது? என் போனும் ஸ்டாஃப் ரூம் பீரோவில்.)

இந்தப் பதற்றத்துக்கு 2008இல் பிரிட்டனில் நோமோபோபியா என்று பெயர் வைத்தார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ ஒரு ஊசியில் சரியாகிவிடும் போலத்தான் இருக்கிறது.

"சார், மணி என்ன?" என்றான். கடிகாரம் என் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தது. காட்டினேன். முள்ளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "மணி என்ன சார்?" என்றான்.

பதின்மூன்று மார்க் கேள்வி ஒன்றில் சர்க்யூட் படம் பொடியாக அச்சாகியிருந்தது. அவன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதன்மேல் வைத்து மெதுவாக அகட்டினான். படம் பெரிதாகவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் அழுத்தி. பிறகு யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிவாக்கில் வியர்த்துப்போயிருந்தான். பக்கத்தில் போய், "உடம்பு முடியலையாப்பா?" என்றேன்.

"ஸ்ட்ரீக் போயிடும் சார். காலையிலேயே மணற்கடிகாரம் வந்துடுச்சு."

ஸ்னாப்சாட் விவகாரம். இரண்டு பேரும் 24 மணி நேரத்துக்குள் ஒருவருக்கொருவர் ஒரு படமாவது அனுப்ப வேண்டும். அனுப்பினால் பெயருக்குப் பக்கத்தில் நெருப்புப் படத்தோடு உள்ள எண் ஒன்று கூடும். கெடு முடியப்போகிறது என்றால் மணற்கடிகாரம் வரும். தவறினால் அத்தனையும் போச்சு. இவன் கணக்கு 412 நாள். படம் பெரும்பாலும் மின்விசிறி அல்லது பாதி நெற்றி.

"அந்தப் பக்கம் யாரு?"

"இதோ, முன் பெஞ்சுல எழுதுறான் சார்."

யாரோடும் பேச முடியவில்லை என்பதல்ல இவர்கள் கவலை. பேசத்தான் ஆள் முன் பெஞ்சிலேயே இருக்கிறானே. தான் இல்லாமலே போன் தன் பாட்டுக்கு ஒரு வாழ்க்கை நடத்திவிடுமோ என்கிற பயம்தான் இது என்று நினைக்கிறேன்.

ஒரு மணிக்கு பெல் அடித்ததும் ஓடினான். நான் டீ குடிக்கப் போனபோது அட்டையை நீட்டியபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"யாராவது கூப்பிட்டாங்களாண்ணே?"

"உங்கம்மா. நாலு தடவை அடிச்சுது, எடுத்துட்டேன்."

"எடுத்தீங்களா?"

"சாயங்காலம் குழம்புக்கு முருங்கைக்காயா கத்திரிக்காயான்னு கேட்டாங்க. கத்திரிக்காய்னு சொல்லிட்டேன்."

"அண்ணே, நான் கத்திரிக்காயே சாப்பிட மாட்டேண்ணே."

"அதான் அவங்களும் ஆச்சரியப்பட்டாங்க."