மக்காச்சோளத்துக்கு ஒன்று, மதிலுக்கு இரண்டு

அளவுநாடாவும் பகடையுமாக மேஜைமேல் பொம்மைப் போர் நடத்தும் கூட்டம் பெரம்பலூர், அரியலூர் பக்கம் இவ்வளவு இருக்கிறதா? இந்த வாரத் தபால் முழுக்க அவர்கள்தான்.

கே: எதிராளியின் சிப்பாய் சுவருக்குப் பின்னால் நிற்கிறான். சாவிக்கொத்து லேசரை அடித்தால் அவன் தொப்பியில் புள்ளி விழுகிறது. சுடலாம்தானே?
*(விடுதி மாணவர், ஆண்டிமடம்)*

ப: எங்கிருந்து அடித்தீர்கள் என்று சொல்லவில்லையே! கை உயரத்திலிருந்து அடித்தால் அது சிப்பாயின் பார்வை இல்லை, ஹெலிகாப்டரின் பார்வை. குனிந்து, உங்கள் பொம்மையின் கண் மட்டத்தில் லேசரை வைத்து அடியுங்கள். அப்போதும் புள்ளி விழுந்தால் தாராளமாகச் சுடலாம். வார்ஹாமர் 40,000 போன்ற ஆட்டங்களில் உடம்பில் ஏதாவது ஒரு பகுதி தெரிந்தாலே குறி வைக்கலாம். சுவருக்கான சலுகையை மட்டும் அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். பேட்டில்டெக்கில் இந்த வம்பே கிடையாது. அறுகோணக் கட்டத்தின் நடுவிலிருந்து நடுவுக்கு நூல் பிடித்தால் முடிந்தது. எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' எழுதிய காலத்தில் இன்னும் சுலபம். ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் நிஜமாகவே சுடுவார்கள், விழுந்தவன் செத்தான்.

பி.கு.: லேசரை நண்பர் கண்ணில் அடித்துவிடாதீர்கள். அதற்குப் பகடை உருட்டித் தப்பிக்க முடியாது.

கே: மக்காச்சோளக் காட்டுக்குள் நிற்பவனைச் சுட்டால் என் மகன் பகடையில் ஒன்று கழிக்கிறான். கல்சுவருக்குப் பின்னால் நின்றால் இரண்டு. எங்கள் ஊர்ச் சோளம் அவ்வளவு மட்டமா?
*(விவசாயி, குன்னம்)*

ப: பையன் ஆடுவது 'போல்ட் ஆக்‌ஷன்' இரண்டாம் பதிப்பு போலிருக்கிறது. கணக்கு சரிதான். சோளம் ஆளை மறைக்கும், குண்டை மறிக்காது. காட்டுப்பன்றி உள்ளே இருப்பது தெரிந்தும், எந்த வரிசையில் என்று தெரியாமல் நீங்கள் வரப்பில் நின்றிருப்பீர்களே, அந்தத் தடுமாற்றத்துக்குத்தான் அந்த ஒன்று. சுவர் மறைக்கவும் செய்யும், மறிக்கவும் செய்யும். வெட்டவெளியில் நிற்பவனை அடிக்கப் பகடையில் 3 அல்லது மேலே விழ வேண்டும் என்றால், 12 பகடைக்குச் சராசரியாக 8 அடி. சோளத்துக்குள் 4 தேவை, ஆகவே 6 அடி. சுவருக்குப் பின்னால் 5 தேவை, 4 அடிதான். வந்த அடியில் பாதியைச் சுவர் வாங்கிக்கொண்டது.

இரண்டு பகடையைக் கூட்டிப் பார்க்கும் பேட்டில்டெக்கில் விஷயம் இன்னும் சுவாரசியம். 7 தேவைப்பட்டது 8 ஆனால், 36-க்கு 21 வாய்ப்பு 15 ஆகக் குறையும். 10 தேவைப்பட்டது 11 ஆனால், 6 வாய்ப்பு 3 ஆகிவிடும். அதே ஒரு புள்ளிதான். ஏற்கெனவே தூரத்தில் ஓடிக்கொண்டிருப்பவனுக்குப் பலன் அதிகம். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் முதலில் தூரம் போவார்கள், அப்புறம்தான் மரத்தடி தேடுவார்கள்.

கே: வார்ஹாமரில் டாவ் படை வைத்திருக்கும் நண்பன் இலக்கைக் காட்டும் 'மார்க்கர்லைட்' விளக்கை அடித்தால், எந்த மறைவில் இருந்தாலும் என் ஆட்கள் காலி. இது அநியாயம் இல்லையா?
*(இளம் வழக்கறிஞர், ஜெயங்கொண்டம்)*

ப: அந்த விளக்கு மறைவுச் சலுகையைத்தான் ரத்து செய்கிறது, சுவரை இடிக்கவில்லை. வார்ஹாமர் பத்தாம் பதிப்பின்படி, ஒரு குழு இலக்கைக் காட்ட, இன்னொரு குழு சுடும். சுடுபவரின் குறி ஒரு புள்ளி கூடும். காட்டுபவரிடம் மார்க்கர்லைட் இருந்தால் உங்கள் மறைவுக்கான கூடுதல் காப்பும் போகும். ஆனால் காட்டுபவர், சுடுபவர் இருவர் கண்ணிலும் நீங்கள் பட்டாக வேண்டும். முழுசாகச் சுவருக்குப் பின்னால் போய்விட்டால் எந்த விளக்கும் செல்லாது. காட்டுகிற குழு தானே சுட்டால் அதற்கு இந்தப் பலன் எதுவும் கிடையாது.

நிஜப் போரிலும் இதே கதைதான். 1999 ஜூன் 24 அன்று கார்கிலில் டைகர் ஹில் மேல் மிராஜ் 2000 விமானங்கள் லேசர் வழிகாட்டும் குண்டுகளைப் போட்டன. இலக்கில் பட்டுத் தெறிக்கும் லேசர் ஒளியைத் தேடிக்கொண்டுதான் அந்தக் குண்டு இறங்கும். குண்டு விழும்வரை ஒருவர் ஒளியைப் பிடித்தபடியே இருக்க வேண்டும். நடுவில் மேகம் வந்தால் போச்சு. எனவே வக்கீல் சார், வாதாடுவதை விட்டுவிட்டு விளக்குப் பிடிப்பவனை முதலில் சுடுங்கள்.

கே: மரத்துக்குப் பின்னால் நின்று வாலியை அடித்தது விதிப்படி செல்லுமா?
*(வாசகி, வாலிகண்டபுரம்)*

ப: வாலி பூஜித்ததாகச் சொல்லப்படும் வாலீஸ்வரர் கோயிலை ஊரிலேயே வைத்துக்கொண்டு என்னை மாட்டிவிடப் பார்க்கிறீர்கள். தர்மம் பட்டிமன்றத்துக்கு, விதி மட்டும் என்னிடம். முதல் சண்டையில் அண்ணன் யார், தம்பி யார் என்று தெரியாமல் ராமன் அம்பை விடவில்லை. கைகலப்புக்குள் சுடக்கூடாது என்று பல ஆட்டங்களில் இருக்கும் விதியும் அதற்காகத்தான். இரண்டாம் முறை சுக்ரீவன் மாலை போட்டுக்கொண்டு போனான். அதுவும் ஒரு மார்க்கர்லைட்தான், என்ன, எதிரிக்குப் பதில் சொந்த ஆள்மேல் அடித்தது. மரத்தைப் பற்றிக் கேட்டால்: என்னால் உன்னைப் பார்க்க முடிந்தால் நீயும் என்னைப் பார்க்கலாம் என்பதுதான் மேஜை விதி. சுக்ரீவன் வாலியைத் திரும்பவே விடவில்லையே!

கே: சாத்தனூர் கல்மரத்தை மேஜையில் வைத்தால் மறைப்பு ஒன்றா, இரண்டா?
*(பள்ளி மாணவன், ஆலத்தூர்)*

ப: மரம் என்றால் ஒன்று, கல் என்றால் இரண்டு. அது கல்லாகிப் பல கோடி ஆண்டுகள் ஆயிற்று, இரண்டே கொடு. நிஜத்தில் 18 மீட்டர், 28 மி.மீ. பொம்மைகளுக்கு 32 செ.மீ. நீளத்தில் செய்தால் போதும்.

கே: ரஞ்சன்குடிக்கோட்டையைத் தெர்மோகோலில் செய்துவிட்டோம். 1751 வாலிகண்டபுரப் போரை ஆட வேண்டும். மறைப்பு விதி சொல்லுங்கள்.
*(நண்பர்கள் குழு, பெரம்பலூர்)*

ப: அகழி மறைவு தராது, வேகத்தைப் பாதியாக்கும். மதிலுக்கு இரண்டு, ஆனால் அது வெளியிலிருந்து சுடுபவனுக்கு எதிராக மட்டும். கோட்டை அடுக்கடுக்காக உயர்கிறது, மறந்துவிடாதீர்கள். கீழ் மதிலைப் பிடித்துவிட்டோம் என்று ஒட்டி நிற்பவனின் முதுகு, மேல் அடுக்கில் இருப்பவனுக்குத் திறந்து கிடக்கும். கீழே நிற்பவனுக்கு ஒரு புள்ளிகூடத் தர வேண்டாம்.

கஷ்டமான விதி வேறு. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கான அந்தப் போட்டியில் ஒரு பக்கம் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும், மறுபக்கம் முகமது அலியின் ஆட்களும் ஆங்கிலேயரும். உள்ளே இருந்த கில்லேதார் (கோட்டைத் தலைவர்) இரண்டு தரப்போடும் பேரம் பேசி, கடைசியில் கோட்டைப் பீரங்கிகளை ஆங்கிலேயர் பக்கம் திருப்பிவிட்டார். அவர்கள் திருச்சிக்குப் பின்வாங்கினார்கள். ராபர்ட் கிளைவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் கில்லேதாருக்கு ஒரு பகடை உருட்டுங்கள். 4 வரை பேரம் தொடர்கிறது. 5, 6 விழுந்தால் பலமான தரப்புக்குச் சாய்கிறார். அந்த வேஷத்துக்கு உங்கள் குழுவில் யார் பொருத்தம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.