பழைய பெட்டிக் கட்சி

எங்கள் சொந்தத்தில் 2007-ஆம் வருடம் இரண்டு கட்சிகள் இருந்தன. புதிதாக வந்த பிளேஸ்டேஷன் 3 கட்சியில் அத்தை மகன் ஒருவர்தான் உறுப்பினர். சுமார் 40,000 ரூபாய் சந்தா கட்டிச் சேர வேண்டிய கட்சி அது. மற்ற எல்லோரும் பழைய பிளேஸ்டேஷன் 2. பர்மா பஜாரில் சிப் போட்டு வாங்கியது. ஒரிஜினல் டிஸ்க் என்று ஒன்று இருப்பது எங்களுக்குக் கேள்வி ஞானம் மட்டுமே.

அத்தான் தன் கறுப்புப் பளபளப்புப் பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் ‘காட் ஆஃப் வார் 2’ வந்தது, பிளேஸ்டேஷன் 2-க்கு மட்டும். புது மெஷின் அமெரிக்கக் கடைகளுக்கு வந்து நாலு மாதம் ஆகியும், இயக்குநர் கோரி பார்லாக்கின் குழு பழையதை விட்டு நகரவில்லை. பாசமெல்லாம் இல்லை, கணக்குதான். 2005 முடிவதற்குள்ளேயே பத்துக் கோடி பிளேஸ்டேஷன் 2 விற்பனைக்குப் போயிருந்தது. புது மெஷினின் செல் பிராசசரோ, புரோகிராம் எழுதுகிறவர்களைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது. பழைய பெட்டியில் எந்த மூலையில் எவ்வளவு பிழியலாம் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஆட்டம் தொடங்கியதுமே ரோட்ஸ் தீவின் ராட்சதச் சிலை உயிர்பெற்று நாயகன் க்ராடோஸைத் துரத்தும். இத்தனையும் 32 எம்பி ராம் உள்ள பெட்டியில்!

அந்த கேம் 8.5 ஜிபி டிவிடியில் வெளியானது. பஜாரில் புழங்கியதோ 4.7 ஜிபி டிஸ்க். கதைக் காட்சிகளை அமுக்கி, நறுக்கி, உள்ளே திணித்துக் கொடுத்தார்கள். க்ராடோஸுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று எங்களில் பலருக்குக் கடைசிவரை தெரியாது. கோபப்பட்டான், எங்களுக்கு அது போதும். லென்ஸ் வேறு தேய்ந்துபோய், பெட்டியை நிமிர்த்தி வைத்தால்தான் டிஸ்க் ஓடும். சில நாள் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். அத்தானின் மெஷினிலும் பழைய கேம்கள் பல ஓடும்தான். ஆனால் ஒரிஜினல் டிஸ்க் வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் தர அத்தை தயாராக இல்லை. ஆகவே எதிர்க்கட்சித் தலைவர் சாயங்காலமானால் எங்கள் வீட்டுக்கு வந்து, “கொஞ்சம் தள்ளு மாப்ள, ஒரு ரவுண்டு ஆடிட்டுத் தரேன்” என்பார். அவர் வீட்டில் 40,000 ரூபாய் டிவிடியில் சினிமா காட்டிக்கொண்டிருந்தது.

இப்படிப் பழைய பெட்டிக்கு கேம் செய்ததில் இந்தியாவின் பங்கு தனி ரகம். நம் நாட்டில் நமக்காகவே உருவான பிளேஸ்டேஷன் 2 கேம்கள் எப்போது வந்தன தெரியுமா? ஹைதராபாத்தில் செய்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ 2009-இல். கபடி எல்லாம் வைத்த ‘தேசி அட்டா’வும் அதே வருடம். ஷாருக் கானின் ‘ரா.ஒன்’ 2011-இல். பிளேஸ்டேஷன் 2 தயாரிப்பையே நிறுத்திவிட்டதாக 2013 ஜனவரியில் செய்தி வந்தது. அதே வருடம்தான் ‘டான் 2’ கேம் வெளியானது. படம் வந்ததே 2011-இல்! உலகம் கடையைச் சாத்திவிட்டுப் போன பிறகு நம்மவர்கள் நிதானமாக வந்து கதவைத் தட்டினார்கள். தரம் பற்றிக் கேட்காதீர்கள். ஹனுமானே ஆனாலும் பட்டனை அழுத்தினால் எப்போது தாவுவார் என்பது அவர் சித்தம்.

இப்போது அத்தான் பட்ட அந்த வயிற்றெரிச்சலுக்கெல்லாம் வழியில்லை. பிளேஸ்டேஷன் 5 வந்து இரண்டு வருடம் கழித்து, 2022 நவம்பரில் அதே க்ராடோஸ் ‘ராக்னராக்’கில் திரும்பி வந்தான். பழைய பெட்டி, புதுப் பெட்டி இரண்டிலும் ஒரே நாளில் ரிலீஸ். 2024-இல் கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டான். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ கதை இன்னும் விசேஷம். 2013 ஜூனில், பிளேஸ்டேஷன் 4 வருவதற்கு ஐந்து மாதம் முன்பு, பிளேஸ்டேஷன் 3-க்கு மட்டும் வந்த கேம் அது. அடுத்த வருடமே மெருகேற்றி பிளேஸ்டேஷன் 4-க்கு. 2022-இல் புதிதாகச் செய்து பிளேஸ்டேஷன் 5-க்கு. மூன்றையும் வாங்கிய புண்ணியவான்கள் உண்டு. கதை அதேதான். மூன்று முறையும் அதே இடத்தில் அழ வேண்டும், மூன்றாவது முறை கண்ணீர் இன்னும் துல்லியமாகத் தெரியும்.

2020 ஜூலையில் ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ பிளேஸ்டேஷன் 4-க்கு மட்டும் வந்தபோது, அக்கா மகனிடம் வாங்கித் தருவதாகச் சொன்னேன். புது மெஷினுக்கு நாலு மாதம்தான் பாக்கி. பழைய பெட்டிக் கட்சிக்கு வாரிசு கிடைத்துவிட்ட பூரிப்பு எனக்கு.

“எதுக்கு மாமா? பிஎஸ் 5-ல வரும், அப்புறம் பிசில வரும். சேல் போடுவான், பாத்துக்கலாம்” என்றான்.

அவன் சொன்னபடியே 2021-இல் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்தது, 2024 மே மாதம் பிசிக்கும் வந்தது. விளையாடிப் பார்த்தாயா என்று கேட்டேன். யூடியூபில் எவனோ விளையாடியதை எப்போதோ முழுசாகப் பார்த்து முடித்துவிட்டானாம்.