டேஷ்போர்டுல தூங்கற புத்தகம்

ஏன் அப்புனு, புது வண்டி எடுத்துட்டயாமா? சந்தோசம். நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வடமாலை சாத்தியாச்சு. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கியாச்சு. செராமிக் கோட்டிங்காமா, அதையும் பூசியாச்சு. சீட்டுக்கு ஒரு உறை, ஸ்டேரிங்குக்கு ஒரு உறை, சாவிக்குக்கூட ஒரு உறை. எல்லாஞ் சரி. தடியா ஒரு புத்தகம் குடுத்தாங்களே, அது எங்க? பாலித்தீன் கவரைக்கூடப் பிரிக்காம டேஷ்போர்டுக்குள்ள கெடக்குதா? நெம்பப் பத்தரமாத்தா வெச்சிருக்கறே, போ.

"ஏட்டுச் சொரக்கா கறிக்கு ஆவாது தாத்தா"ங்கறே. ஆவாதுதா. ஆனா அதைச் சொன்னவன் ஏட்டைப் படிச்சுப்போட்டுச் சொன்னவன். நீ ஏட்டையுந் தொறக்கல, கொடியிலயுங் கை வெக்கல. செல்போன்ல எவனோ தொப்பி போட்டுக்கிட்டுப் பேசறான், அவம் பேச்சைக் கேட்டு எஞ்சினுக்குள்ள எதோ ஒரு டப்பாவை ஊத்தறே. அவன் வண்டி வெச்சிருக்கறானான்னாவது கேட்டயா?

சரி, காத்துல ஆரம்பிப்போம். போன வாரம் பங்க்குல காசு குடுத்து நைட்ரசன் அடிச்சயாமா. பெரிய எடந்தா. நீயும் நானும் இழுத்து உடற சும்மாக் காத்துலயே நூத்துக்கு 78 பங்கு நைட்ரசன் இருக்குது கண்ணு. மிச்சம் 22க்குத்தா நீ காசு குடுத்திருக்கறே. அதுல கெடுதி ஒண்ணுமில்ல, உடு. எத்தனை பவுண்டு வெச்சே? "அந்தப் பையன் வெச்சான்"ங்கறே. அவன் எல்லா வண்டிக்கும் ஒரே அளவுதா வெப்பான். டிரைவர் கதவைத் தொற. கதவு வந்து சாத்தற தூணுல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். முன்னாடிக்கு எத்தனை, பின்னாடிக்கு எத்தனை, ஒறம்பரையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போனா எத்தனைன்னு அதுல போட்டிருக்கும். டயர் ஓரத்துல இருக்கற நம்பரு வேற. அது இதுக்கு மேல அடைக்காதேங்கற எல்லை. அளக்கறதைக் காத்தால வண்டி எடுக்கறதுக்கு மின்னாடி அளக்கோணும். சித்திரை வெய்யில்ல சேலத்துல இருந்து ஓட்டிக்கிட்டு வந்து, டயர் சுடச்சுட அளந்தா கூடத்தாங் காட்டும். அதைப் பாத்து எறக்கி உட்டீனா அடுத்த நாளு கொறஞ்ச காத்துல ஓட்டுவே.

இன்னொண்ணு. டயர் ஓரத்துலயே நாலு எண்ணு இருக்கும். 2319ன்னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்ச டயருன்னு அர்த்தம். பாதி வெலைக்குப் பழைய டயர் வாங்கிப் போட்டுட்டு, பட்டன் நல்லா இருக்குதுன்னு பெருமை பேசறவன் அந்த நாலு எண்ணைப் பாத்ததே இல்ல.

நம்ம சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரங்களைப் பாத்திருக்கறயா? ராத்திரி டீக்கடையோரம் வண்டி நின்னா கிளீனர் லிவர் கம்பியை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு டயராத் தட்டிக்கிட்டே வருவான். டண்ணுன்னா காத்து இருக்குது. பொத்துன்னா எறங்கியிருக்குது. ரெட்டை டயருல உள்பக்கத்து டயர் எறங்கறது கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத்தா அந்தத் தட்டு. தட்டி முடிச்சுட்டுத்தா டீ. அவன் எந்தப் புத்தகத்தைப் படிச்சான்? ஆனா ஓட்டறதுக்கு மின்னாடி டயரைப் பாருன்னு உன்ற புத்தகத்துல எழுதியிருக்கறதைத்தா அவன் செய்யறான்.

ஆயில் பாக்கத் தெரியுமா உனக்கு? பானெட்டைத் தொறந்து பாத்திருக்கறயா மொதல்ல? வண்டியை மட்டமான எடத்துல நிறுத்து. எஞ்சினை அணைச்சுட்டு அஞ்சு நிமிசம் பொறு, ஆயில் கீழ எறங்கட்டும். டிப்ஸ்டிக்கை உருவு. மொதத் தடவை உருவுனதை நம்பாதே, கம்பி பூராத்துக்கும் பூசியிருக்கும். பனியன் வேஸ்ட்டுல தொடைச்சுட்டு, முழுசா உள்ள உட்டு மறுபடி உருவு. இப்பத்தா அளவு. ரெண்டு குறிக்கு நடுவுல நின்னாச் சரி. கம்மியா இருந்தா ஊத்து. ஆசைக்கு மேல் குறியையுந் தாண்டி ஊத்தாதே, அதுவும் எஞ்சினுக்கு ஆவாது. இதுக்கு எந்தப் படிப்பு வேணும்? கம்பி ஒண்ணு, துணி ஒண்ணு.

புத்தகத்து நடுவால ஒரு பட்டியல் வரும். இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு இதை மாத்து, அதை மாத்துன்னு. அதை ஷோரூம்காரரே போன் போட்டுச் சொல்லிருவாரு. அதுக்குக் கீழ பொடி எழுத்துல இன்னொண்ணு இருக்கும், அதைத்தா யாரும் படிக்கறதில்ல. புழுதி ரோடு, குட்டிக் குட்டி ஓட்டம், நின்னு நின்னு போற நெரிசல், இதெல்லாம் கடுமையான உபயோகம், இப்படி ஓட்டறவங்க சீக்கிரமே மாத்தோணும்னு. கடுமைன்னா நீ இமயமலை ஏறறதுன்னு நெனச்சுக்கிட்டே. அட கிறுக்கா, உன்ற பொழப்பே அதுதா! சேலம் அஞ்சு ரோட்டுல எடுத்துப் பக்கத்துலயே செவ்வாப்பேட்டைல அணைக்கறே. எஞ்சினுக்குச் சூடே ஏறல. அப்பறம் உள்ள சேர்ற ஈரம் எப்படி ஆவியாகிப் போவும்? ஆயிலோடதா கலந்து நிக்கும்.

டீசல் வண்டின்னா இன்னும் கூத்து. 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6ங்கற பொகைக் கட்டுப்பாடு வந்ததுக்கப்பறம், பொகைக்கரியைப் புடிச்சு வெக்க ஒரு பில்டர் வெச்சுட்டாங்க. அந்தக் கரி எரியோணும்னா வண்டி நல்லாச் சூடேறி ஓடோணும். அடைக்க ஆரம்பிச்சா மஞ்சளா ஒரு வெளக்கு எரியும். பைபாஸ்ல ஏத்திக் கொஞ்ச நேரம் நிக்காம ஓட்டுங்குது புத்தகம். நீ வெளக்கைப் போட்டோ எடுத்துக் கூட்டாளிக்கு அனுப்பறே. அவன் "சென்சார் கம்ப்ளைண்டு மச்சி"ங்கறான். செவப்பு வெளக்குன்னா ஓரங்கட்டி நிறுத்து, மஞ்சள்னா தள்ளிப் போடாமக் கவனி. இது தெரிய மச்சி எதுக்கு?

கொல்லிமலைக்குப் போனயே, 70 கொண்டை ஊசி வளைவு. ஏறறப்ப வீடியோ எடுத்தே, சரி. எறங்கறப்ப எந்தக் கியருல எறங்குனே? காலை பிரேக்குலயே வெச்சுக்கிட்டு வந்து, அடிவாரத்துல காரவள்ளிகிட்ட "எதோ கருகற வாசம் வருது"ன்னா பின்ன சந்தன வாசமா வரும்? பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சற சாதி கண்ணு. வருசம் ஆக ஆக உள்ளாற தண்ணி சேரும். பிரேக் சூடேறுனா அந்தத் தண்ணி கொதிச்சு ஆவியாகும். அப்ப மிதிச்சா பெடல் பொசுக்குனு உள்ள போவும், வண்டி நிக்காது. அதுக்குத்தா ரெண்டு வருசத்துக்கொருக்கா மாத்துன்னு எழுதி வெச்சிருக்கறாங்க. அந்தக் காலத்து டிரைவருங்க ஒரே வரியில சொல்லுவாங்க: ஏறுன கியருலயே எறங்கு. எஞ்சின் புடிச்சு நிறுத்தும், பிரேக்குக்கு வேலை கொறையும்.

லாரிக்காரங்களையும் நான் ஒரேயடியாத் தலையில தூக்கி வெச்சுக்கல. தொப்பூர் கணவாய்ல டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல உட்டு எறங்கறவனும் நம்மாளுதா. மிச்சம் புடிச்ச டீசல் எத்தனை, போன உசுரு எத்தனை?

புத்தகம் எழுதறவனும் லேசுப்பட்டவனில்ல. பேட்டரித் தண்ணி வாயில படக்கூடாதுங்கறான். ஓடற வண்டியில தலையை வெளிய நீட்டாதேங்கறான். பக்கத்துக்குப் பக்கம் ஒரு நட்சத்திரம் போட்டு, இந்த வசதி எல்லா மாடல்லயும் இருக்காதுங்கறான். நீ வாங்குனது இருக்கறதுலயே கொறஞ்ச மாடலு. பாதிப் புத்தகம் அடுத்த ஊட்டுக்காரன் வண்டியைப் பத்தினது. கொஞ்சம் ஆழமா எதாச்சுங் கேட்டா சர்வீஸ் சென்டருக்குப் போன்னு கையைக் காட்டறான்.

ஏன்னா வெவரமான ரிப்பேர் புத்தகம் தனி. இங்கிலாந்துல ஜான் ஹேன்ஸ்னு ஒருத்தரு இருந்தாரு. வண்டியை அக்கு அக்காக் கழட்டி, மறுபடி பூட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து, 1966ல இருந்து புத்தகம் புத்தகமாப் போட்டாரு. வண்டிக்காரனே ரிப்பேர் பாத்துக்கட்டும்னு. நம்ம நாட்டுல கார் கம்பெனிங்க அந்த வெவரத்தைப் பட்டறைக்காரங்க கண்ணுலயே காட்டல. கோளாறு பாக்கற கருவியும் இல்ல, ஸ்பேர் பார்ட்ஸும் இல்ல. 2011ல ஒருத்தரு காம்பிடீசன் கமிசன்ல புகார் குடுத்தாரு. 2014 ஆகஸ்ட்ல 14 கார் கம்பெனிக்கு மொத்தம் 2,544 கோடி ரூவா அபராதம் போட்டாங்க. கம்பெனிங்க அப்பீலுக்குப் போனாங்க, அது வேற கதை. காட்டாத புத்தகத்துக்கு அங்க அத்தனை கோடியில வழக்கு. கையில குடுத்த புத்தகத்தை நீ பிரிக்கக் காணோம்!

கடைசியா ஒண்ணு கேக்கறன். ஸ்டெப்னி எங்க இருக்குது? அதுல காத்து இருக்குதா? ஜாக்கியை வண்டிக்கடியில எந்த எடத்துல குடுக்கோணும்? முழிக்கறே பாரு. ஒரு ஞாயித்துக்கெழமை ஊட்டு வாசல்ல ஹேண்ட்பிரேக்கை இழுத்துட்டு ஒரு சக்கரத்தைக் கழட்டி மாட்டிப் பாரு. நட்டை மொதல்ல லூசு பண்ணிட்டு அப்பறமா ஜாக்கி ஏத்து. சக்கரம் தரையை உட்டு எழுந்துட்டா நட்டோட சேந்து சுத்தும், நீயும் கூடச் சுத்துவே. இல்ல, ராசிபுரத்துக்கு அக்கட்ட ராத்திரி மழையில, சம்சாரம் குடை புடிக்க, மாமியா வெளக்குக் காட்டத்தா கத்துக்குவன்னா, அது உன்ற பிரியம் சாமி.