சும்மா தெரிஞ்சுக்கத்தான்

பிள்ளையைத் தனியாரிடம் கூட்டிப்போய் ஐக்யூ சோதனை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தகப்பனை வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியில் கண்டுபிடிப்பது சுலபம்: அவர் ஏற்கெனவே அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருப்பார். அங்கே இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் பள்ளிக்கூடமே பிள்ளைகளுக்குத் திறன் சோதனை வைத்துவிடுகிறது. அந்த ஸ்கோரும் ஆசிரியரின் மதிப்பீடும் ஒரு கமிட்டி முன்னால் போகின்றன. மூன்றாம் வகுப்பிலிருந்து ‘ஏஏபி’ என்ற மேல்நிலைத் திட்டத்தில் இடம் உண்டா இல்லையா என்று கடிதம் வரும். இல்லை என்று வந்தால் அப்பீல் போகலாம். தனியார் உளவியலாளர் எடுத்துத் தந்த ‘விஸ்க்’ என்ற ஐக்யூ சோதனையின் ஸ்கோரை அதோடு இணைக்கலாம். விதிமுறையில் கடைசியாக இருக்கும் இந்த வரியைத்தான் நம் ஆள் முதலில் படித்தார். கேட்டால், “சும்மா தெரிஞ்சுக்கத்தான்” என்பார். காருக்கு ஆயில் மாற்றவே கூப்பன் தேடுகிறவர், நூற்றுக்கணக்கான டாலர் செலவழித்துச் சும்மா எதையும் தெரிந்துகொள்ளமாட்டார்.

என் வாதம் இதுதான்: அவர் காசு கொடுத்து வாங்குவது விடையை அல்ல, மேல்முறையீட்டுக்கான அத்தாட்சியை. சோதனையின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உளவியலாளர் பிள்ளையோடு தனியாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் உட்காருகிறார். சிவப்பு வெள்ளைக் கட்டைகளைக் கொடுத்து, படத்தில் உள்ளபடி அடுக்கச் சொல்லி, கையில் ஸ்டாப்வாட்சோடு கவனிக்கிறார். எண்களை வரிசையாகச் சொல்லி, பின்னாலிருந்து திருப்பிச் சொல்லச் சொல்கிறார். வெளியே தகப்பன், காலையில் இன்னொரு முட்டை கொடுத்திருக்கலாமோ என்று தவிக்கிறார். பிள்ளைக்கு நினைவாற்றல் எப்படி, வேகம் எப்படி, எங்கே தடுமாறுகிறது என்றெல்லாம் பக்கம் பக்கமாக அறிக்கை வருகிறது. அவர் கண் ஒரே எண்ணில் நிற்கிறது. சராசரியை 100 என்று வைத்து, 130க்கு மேல் நூற்றில் இரண்டு பேர்தான் வருவார்கள் என்ற கணக்கில் அமைந்த எண் அது. பக்கத்திலேயே ‘இத்தனையிலிருந்து இத்தனைக்குள்’ என்று ஒரு வீச்சும் அச்சாகியிருக்கும். அந்த அடக்கம் அவருக்குப் பிடிப்பதில்லை. எண் உயர்ந்திருந்தால், “நாங்க ஒண்ணுமே சொல்லித் தரலைங்க”. தாழ்ந்திருந்தால், அன்றைக்குப் பிள்ளைக்குச் சளி. எந்த விடை வந்தாலும் அடுத்த அடி அப்பீல்தான் என்றால், கேட்டது கேள்வியே இல்லை.

பள்ளியில் கூட்டமாக உட்கார்ந்து எழுதுகிற சோதனையில் நல்ல பிள்ளையும் சறுக்காதா, தனியாக எடுத்தால்தானே தெரியும் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் சறுக்கிய பிள்ளைகள் எல்லாருக்கும் அப்பீல் எழுதத் தெரிந்த அப்பா வாய்ப்பதில்லையே. ஃபுளோரிடாவின் பிரவர்ட் கவுன்டியில் ஆசிரியரோ பெற்றோரோ சிபாரிசு செய்த பிள்ளைகளைத்தான் இதுபோன்ற ‘கிஃப்டட்’ திட்டத்துக்குச் சோதித்துவந்தார்கள். 2005இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் முதற்கட்டமாகச் சோதிக்க ஆரம்பித்தார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் கணக்குப் பார்த்தபோது, வசதி குறைந்த பிள்ளைகளில் ‘கிஃப்டட்’ ஆனவர்களின் விகிதம் 180 சதவீதம் கூடியிருந்தது. தகுதி வரம்பை யாரும் தளர்த்தவில்லை. பட்ஜெட் இறுகி, எல்லாரையும் சோதிப்பதை நிறுத்தியதும் பழைய இடைவெளி திரும்பி வந்தது. கேட்டவர்க்கே சோதனை என்றால், அது முதலில் அளப்பது கேட்கிற பெற்றோரின் சாமர்த்தியத்தை.

“ஊரே செய்யும்போது நான் மட்டும் தத்துவம் பேசினால் நஷ்டம் என் பிள்ளைக்குத்தானே?” இதுதான் வலுவான வாதம், இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. அதிலும் நம் ஆள் தமிழ்நாட்டிலிருந்து போனவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு இருந்த காலத்தில், 300க்குக் கட்-ஆஃப் போட்டு நடந்த கவுன்சலிங்கில், கிண்டி பொறியியல் கல்லூரியில் கேட்ட பிரிவை அரை மார்க்கில் விட்டவர் அவர். எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது எண்ணுக்கு வெளியே இருப்பதுதான் என்று பதினேழு வயதில் கற்றதை நாற்பதில் மறக்கச் சொன்னால் நடக்குமா? அப்படியென்றால் பக்கத்து வீட்டுக்குப் பயந்து செய்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்யலாம். பிள்ளையின் ‘முழுத் திறமை’யை இதில் இழுக்கவேண்டாம்.

அந்த எண்ணுக்கு எவ்வளவு தெரியும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1921இல் கலிஃபோர்னியாவில் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் ஐக்யூ சோதனை வைத்து மேதைக் குழந்தைகளைத் தேடத் தொடங்கினார். சோதனையில் தேறாமல் விடுபட்டவர்களில் வில்லியம் ஷாக்லி 1956இலும் லூயிஸ் ஆல்வரெஸ் 1968இலும் இயற்பியலுக்கு நோபல் வாங்கினார்கள். இரண்டு பேரை வைத்துச் சோதனையே பொய் என்று சொல்ல முடியாது. நம் ஆளுக்கும் இந்தக் கதை தெரியும். ஸ்கோர் குறைந்த அன்று ஷாக்லியைச் சொல்லி மனைவியைத் தேற்றுகிறார், அன்று இரவே இன்னொரு உளவியலாளரைத் தேடுகிறார்.

ஒரே ஒரு வகைப் பெற்றோர் யோசிக்காமல் போகலாம். வாய் திறந்தால் பெரிய மனுஷன், புத்தகம் திறந்தால் திணறல் என்று இருக்கிற பிள்ளையின் பெற்றோர். அந்தத் திணறல் டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம். நம் ஆள் புரட்டாத பக்கங்களில்தான் அவர்களுக்குத் தேவையான தடயம் இருக்கும். நம் ஆளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. சின்னவளுக்கு மூன்று வயது. விஸ்க் 6 வயதில்தான் தொடங்கும். ஆனால் இரண்டரை வயதிலிருந்தே எடுக்கக்கூடிய ‘விப்சி’ என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.