நீதி எந்தப் பக்கத்தில்?

வாசகரையும் அவருக்கேற்ற நூலையும் ஒன்றுசேர்ப்பதே நூலகரின் பணி என்பதை உள்ளடக்கிய நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்ட சீர்காழி இரா. அரங்கநாதன், பின்னாளில் பெங்களூருவில் குடியேறி, 1962இல் அங்கே ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவி, 1972இல் அந்நகரிலேயே காலமானார். கணிதப் பேராசிரியராக இருந்தவர்தான். ஆயினும் வாசகருக்கும் நூலுக்கும் நடுவே பெற்றோர் என்ற மூன்றாம் தரப்பு வந்து நிற்கும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பெங்களூருச் சிறுவர் நூலகத்துப் பணியாளர் தமக்குப் பிடித்த படக்கதையை, அதாவது சொல்லைவிடப் படமே கதையை நகர்த்தும் நூலை, ஆசையோடு எடுத்து நீட்டும்போது, தந்தையானவர் முதலில் பின்னட்டையில் வயதைப் பார்க்கிறார். பிறகு கடைசிப் பக்கத்தைப் புரட்டி நீதியைத் தேடுகிறார். அங்கே ஒரு யானை குறட்டை விட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு, பொது அறிவுக்கு ஏதேனும் உண்டா என்று வினவுகிறார். 2004இல் இதே நகரில் தொடங்கப்பட்ட பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகம், தன் கதைகளை வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு நிலைகளாகப் பிரித்தது குழந்தையின் வசதிக்காகத்தான். ஆனால் இரண்டாம் நிலையில் லயித்துக் கிடக்கும் பிள்ளையை, பக்கத்து வீட்டுப் பிள்ளை நான்காம் நிலைக்குப் போய்விட்டதாகச் சொல்லி எழுப்பும் வசதியும் அதில் இருப்பதைப் பெற்றோரே கண்டுபிடித்தனர்.

தமிழ்க் குடும்பமானால் கிளைச் சிக்கல் ஒன்றும் உண்டு: தாய் தமிழ்ப் புத்தகம் கேட்பார், பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கும், கன்னடத்தில் சண்டை போடும். பணியாளர் மூன்று மொழியிலும் கதைகளை எடுத்து வைப்பார். பதிவேட்டில் ஏறி வீட்டுக்குப் போவது பெரும்பாலும் ஒலிம்பியாட் வினாத்தொகுப்பு.