பச்சை எரியுது, நெட் வரலையே!

கே: மோடத்தில் டிஎஸ்எல் விளக்கு பச்சையாக எரிகிறது. ஆனால் நெட் வரவில்லையே?
ப: எக்ஸ்சேஞ்ச் வரை லைன் சரி என்பதோடு அந்த விளக்கின் பொறுப்பு முடிந்தது. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து உள்ளே போய், பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டைச் சரிபாருங்கள். பிஎஸ்என்எல் ஏடிஎஸ்எல் என்றால் விபிஐ 0, விசிஐ 35. இதில் ஒன்று தப்பினாலும் விளக்கு பச்சைதான், நெட் பூஜ்யம்தான்.

கே: பக்கத்து வீட்டு ரௌட்டரும் அதே 192.168.1.1. என் எண்ணைத் திருடிவிட்டாரோ?
ப: புகார் எழுதிவிடாதீர்கள்! ஊருக்கு ஊர் காந்தி ரோடு இருப்பது போலத்தான். 192.168 வரிசை, வீட்டுக்குள் புழங்கவென்றே ஒதுக்கியது. வெளியே போகும்போது உங்கள் வீட்டுக் கருவிகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே பொது ஐபியைப் போட்டு அனுப்புவது 'நேட்'.

கே: போன் மணி அடித்தால் நெட் அறுந்துபோகிறது. என்ன காரணம்?
ப: ஸ்ப்ளிட்டர் மாட்டாத இன்னொரு போன் வீட்டில் எங்கோ இருக்கும். முதலில் மாடியைப் பாருங்கள்.

கே: மாடிக்குப் பழைய ரௌட்டரை மாட்டினேன். கீழே உள்ள பிரிண்டர் மாடி லேப்டாப்புக்குத் தெரியவில்லை.
ப: ஒரு வீட்டுக்கு இரண்டு நாட்டாமை ஆகாது. மாடி ரௌட்டருக்கு 192.168.1.2 கொடுங்கள், அதில் டிஹெச்சிபியை அணையுங்கள், கேபிளை வேன் போர்ட்டில் அல்ல, லேன் போர்ட்டில் செருகுங்கள். மாடிக்குத் தனி நெட்வொர்க்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அதற்கு 192.168.2 வரிசையைக் கொடுத்து, மாடியில் நேட்டை நிறுத்தி, கீழ் ரௌட்டரில் ஸ்டாடிக் ரூட் எழுத வேண்டும். பிரிண்டர் ஒன்றுக்காக இவ்வளவு பாடா?

கே: சில வெப்சைட்டுகள் மட்டும் பாதியில் தொங்குகின்றன.
ப: எம்டியு 1500 என்று இருந்தால் 1492 ஆக்குங்கள். மீதி 8 பைட்டை பிபிபிஓஇ தன் பங்காக எடுத்துக்கொள்ளும்.

கே: போர்ட் ஃபார்வர்டிங் போட்டும் ஆபீஸிலிருந்து வீட்டு கேமரா தெரியவில்லை!
ப: ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி என்னவென்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், உங்களுக்கு மேலே நெட் கம்பெனியே இன்னொரு நேட் போட்டிருக்கிறது. பொது ஐபி கேட்டு வாங்காமல் வேலை நடக்காது. கிடைத்ததும் கேமராவின் 'அட்மின்' பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஆபீஸுக்கு மட்டுமல்ல, ஊருக்கே உங்கள் வீடு தெரியும்.

கே: எதற்கும் மசியவில்லை. ரீசெட் பட்டனை அமுக்கிவிடட்டுமா?
ப: பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு தாராளமாக அமுக்குங்கள்.