ஹெல்மெட் போடாத ஹரிதாசு

கேள்வி: நேபாளத்தில் சாரங்கி மீட்டி ஊர் ஊராகப் பாடும் காந்தர்வர்களுக்கு மறுபடியும் மவுசு தேடுகிறார்களாமே. நம் திருப்பதிப் பக்கம் அப்படி யாராவது உண்டா?
– வாசகர், சித்தூர்

பதில்: மார்கழியில் விடியுமுன் எழுந்து பாருங்கள் (அதுதானே கஷ்டம்!). ஹரிதாசு வருவார். தலையில் செப்புப் பாத்திரம், ஒரு கையில் தம்புரா, மறு கையில் சிடதலு என்கிற கட்டைத் தாளம், காலில் சலங்கை. கை நீட்டிக் கேட்கமாட்டார். குழந்தை அரிசியோடு ஓடிவந்தால் மண்டியிட்டுத் தலையைத் தாழ்த்துவார், அவ்வளவுதான். சங்கராந்தியோடு சீசன் முடிந்தது.

இப்போது சிலர் ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டு டூவீலரில் வருகிறார்கள். 'பாரம்பரியம் போச்சே' என்று மூன்றாம் மாடியிலிருந்து புலம்புகிறோம். கீழே வாட்ச்மேன் கேட்டைத் திறப்பதில்லை. தலையில் பாத்திரம் இருப்பதால் ஹெல்மெட்டுக்கும் வழியில்லை, போலீஸ்தான் கருணை காட்டணும். நம் பூம்பூம் மாட்டுக்காரரின் தெலுங்கு உறவான கங்கிரெத்துக்காரர் தேவலை: மாட்டின் நெற்றியில் க்யூஆர் அட்டை கட்டிய வீடியோவை 2021-ல் நிர்மலா சீதாராமனே பகிர்ந்தார்.

திருப்பதிப் பெருமாளைப் பாடிய அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகள் செப்பேட்டில் இருந்ததால் பிழைத்தன. திருப்பதி தேவஸ்தானம் 1978-ல் அவர் பெயரில் தனித் திட்டமே தொடங்கியது. ஹரிதாசிடம் இருக்கும் செம்பு தலையில்தான். மார்கழி முழுக்க மாடவீதியில் பாட அவருக்குச் சம்பளம் கொடுத்தால் என்ன? லட்டு தனி.